நாபோத்தின் தோட்டமும் ஜெர்மனியின் திராட்சைச் சாலையும்



திருமறையை எந்தப் பக்கத்தில் விரித்தாலும் திராட்சைக் கொடி எங்கேனும் ஓரிடத்தில் தலைகாட்டாமல் இராது. நோவா நட்ட தோட்டம், எசாயா இறைவாக்கினர் ஏங்கிப் பாடிய தோட்டம், கூலியாட்களை நாள் முழுதும் தேடித் தேடி அழைத்த நிலக்கிழாரின் தோட்டம் என அவ்வரிசை நீளும். நம் ஆண்டவரோ தம்மையே கொடியாகவும் நம்மைக் கிளைகளாகவும் உருவகித்துப் பேசினார். ஆயினும் மலையடிவாரம் முழுவதும், கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை, திராட்சையன்றி வேறொன்றும் விளையாத நாட்டை நம்மில் பலர் கண்டதில்லை. ஆகவே இம்மாதம் மனத்தேர் ஏறி அத்தகைய நாடு ஒன்றிற்குச் சென்று வருவோம். அழகைக் காண்பதோடு, அவ்வழகின் அடியில் புதைந்து கிடக்கும் ஒரு துயரையும் கண்டு வருவோம்.

மேற்கு ஜெர்மனியில், பிரெஞ்சு நாட்டின் எல்லையை ஒட்டி, பால்ட்ஸ் என்னும் வட்டாரம் உள்ளது. அதன் மேற்கே ஹார்ட் என்னும் காடடர்ந்த குன்றுத்தொடர். கிழக்கே ரைன் ஆற்றின் அகன்ற சமவெளி. இவ்விரண்டிற்கும் இடையே, குன்றின் மடியில் படுத்துறங்கும் பிள்ளையைப் போல, திராட்சைத் தோட்டங்கள் கிடக்கின்றன. மேற்கிலிருந்து வரும் குளிர்காற்றையும் மழையையும் குன்றுகள் தடுத்துக் காப்பதால், ஜெர்மனியில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத இளஞ்சூடு இங்கே நிலவுகிறது. பங்குனி மாதத்தில் கிம்மல்டிங்கன் போன்ற ஊர்களில் வாதுமை மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்துச் சொரிகின்றன. அத்திமரமும் காய்க்கிறது. ஏறத்தாழ 23,000 ஹெக்டேர் பரப்பில் திராட்சை விளையும் இவ்வட்டாரம், அந்நாட்டின் பதின்மூன்று திராட்சை வட்டாரங்களுள் பரப்பால் இரண்டாவது இடத்தைப் பெறுகிறது.

இங்கே திராட்சை பயிரிடும் கலையை வளர்த்தவர்கள் உரோமையர். உங்ஸ்டைன் என்னும் சிற்றூரருகே 1981-இல் நிலத்தைச் சீர்செய்தபோது, உரோமையர் காலத்துப் பண்ணை வீடொன்றும், திராட்சை பிழியும் தொட்டியும் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. ஸ்பயர் நகரத்தருகே 1867-இல் கல்லறையொன்றில் கண்டெடுத்த கண்ணாடிக் குடுவையில், நான்காம் நூற்றாண்டில் ஊற்றி வைத்த திராட்சை இரசம் இன்னும் நீர்மமாகவே இருக்கிறது. அந்நகரின் அருங்காட்சியகத்தில் அது பாதுகாக்கப்பட்டு வருகிறது.

இத்தோட்டங்களின் நடுவே தெற்கு வடக்காக ஒரு சாலை செல்கிறது. 'ஜெர்மன் திராட்சைச் சாலை' என்பது அதன் பெயர். எல்லையோரத்து ஷ்வைகன் என்னும் ஊரில், 1936-இல் கட்டிய பெருங்கல் வாயிலில் தொடங்கி, பொக்கன்ஹைம் என்னும் ஊரில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 85 கிலோமீட்டர். வழியெங்கும் திராட்சைக் கொத்து வரைந்த பலகைகள் நமக்கு வழிகாட்டும். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதக் கடைசி ஞாயிறன்று இச்சாலையில் மோட்டார் வண்டிகள் ஓடுவதில்லை. குடும்பம் குடும்பமாக மக்கள் நடந்தும் மிதிவண்டியிலும் உலா வருவர்.

தெற்கிலிருந்து புறப்படுவோம்.

வெண்மேலாடை

வாயிலைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் பெர்க்சாபர்ன் என்னும் சிறு நகரம் எதிர்ப்படும். மருத்துவ நீருற்றுகளுக்குப் பேர்போன இவ்வூரில், புனித மார்ட்டின் பெயரால் ஒரு பங்குக்கோவில் உண்டு. சுற்றுலாச் செல்வோர் பலர் அதன் கதவைத் தள்ளிப் பார்க்காமலே போய்விடுவர். கத்தோலிக்கராகிய நாம் அப்படிப் போதல் தகாது. ஏனெனில் 1922-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று, முப்பது வயதான ஒரு யூதப் பெண்மணி இக்கோவிலில்தான் ஞானஸ்நானம் பெற்றார். அவர் பெயர் எடித் ஸ்டெயின்.

பிரெஸ்லாவ் நகரில் 1891 அக்டோபர் 12-ஆம் நாள், யூதரின் பாவப் பரிகாரத் திருநாளன்று பிறந்தவர் அவர். தத்துவ மேதை ஹுசர்லிடம் பயின்று முனைவர் பட்டம் பெற்றவர். இளமையில் செபிப்பதையே விட்டுவிட்டவர். பெர்க்சாபர்னில் பழத்தோட்டம் வைத்திருந்த தத்துவத் தோழி ஹெட்விக் கோன்ராட் மார்ட்டியுஸ் என்பவரின் இல்லத்தில் 1921 கோடையில் தங்கியிருந்தபோது, அவிலா நகர்ப் புனித தெரசம்மாளின் தன்வரலாற்றைப் படித்தார். பல ஆண்டுகளாகத் தேடிய உண்மை அந்நூலில் தமக்குக் கிட்டியதென உணர்ந்தார்.

ஞானஸ்நானத்தின்போது ஞானத்தாயாக நின்றவர் அத்தோழியே. அவர் புரொட்டஸ்டாண்டு சபையைச் சேர்ந்தவர். எனினும் அதற்குத் தடை இருக்கவில்லை. தம் திருமணத்தன்று அணிந்த வெண்மேலாடையையே எடித்துக்கு அணிவித்தார். குளிரில் நடுங்கிய வறியவனுக்குத் தம் மேலாடையை வெட்டிப் பகிர்ந்த புனித மார்ட்டினின் கோவிலில், யூதப் பெண் ஒருத்திக்குப் புரொட்டஸ்டாண்டுத் தோழி மேலாடை தந்தாள். கத்தோலிக்கத் திருச்சபை அவளை மகளாக ஏற்றது. இந்தச் சாலையில் காணத்தக்க காட்சிகளுள் இதற்கு ஈடு வேறில்லை என்பது என் எண்ணம்.

அடுத்த மாதமே ஸ்பயர் ஆயர் லூட்விக் செபஸ்தியான் அவர்களின் சிற்றாலயத்தில் எடித் உறுதிபூசுதல் பெற்றார். பின் 1923 முதல் 1931 வரை அந்நகரின் புனித மகதலேனா மடத்துப் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றினார்.

ஓர் ஆட்டின் கடன்

வடக்கே செல்வோம். ரோட் என்னும் ஊரில் மிகப் பழமையான திராட்சைத் தோட்டமொன்று உள்ளது. அதன் கொடிகளின் வயது முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் என்பர். முதுகு வளைந்த பாட்டனாரின் கைகளைப் போல முறுக்கேறிய அக்கொடிகள் இன்றும் காய்க்கின்றன. அப்பால் புனித மார்ட்டின் பெயரையே தனக்குப் பெயராகக் கொண்ட ஒரு சிற்றூர். அதனையும் கடந்தால் குன்றின்மேல் ஹாம்பாக் கோட்டை தெரியும். 1832 மே 27-ஆம் நாள் பல்லாயிரம் மக்கள் கறுப்பு, சிவப்பு, பொன் நிறக் கொடி தாங்கி இக்கோட்டைக்கு ஏறிச் சென்று, ஒன்றுபட்ட நாட்டையும் உரிமையையும் கோரினர். வரிச்சுமை தாளாத திராட்சைக் குடியானவர்களும் கறுப்புக் கொடி ஏந்தி அவர்களோடு சென்றனர். இன்றைய ஜெர்மனியின் தேசியக் கொடியில் இருப்பவை அன்றைய நிறங்களே.

நொய்ஸ்டாட் நகரைத் தாண்டினால் டைடஸ்ஹைம் வரும். இதன் அருகிலும் அடுத்த ஊரான போர்ஸ்டிலும் உள்ள தோட்டங்களின் பெயர்கள் நமக்கு இனிப்பவை. ஒன்றுக்குப் 'பரதீஸ் தோட்டம்' என்று பெயர். மற்றொன்றுக்கு 'இயேசு சபையார் தோட்டம்' என்று பெயர். இங்கே விளையும் ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சை உலகப் புகழ் பெற்றது.

டைடஸ்ஹைம் ஊரில் ஒரு விந்தையான வழக்கம் உண்டு. குன்றுக்கு அப்பாலுள்ள லாம்பிரெக்ட் ஊரார், டைடஸ்ஹைமின் காட்டில் தம் கால்நடைகளை மேய்க்கும் உரிமைக்காக, ஆண்டுக்கொரு வெள்ளாட்டுக் கிடாயைக் கொடுக்க வேண்டும் என்பது இடைக்கால உடன்படிக்கை. பெந்தெகோஸ்து திருநாளை அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கிடா ஊர்வலமாக வந்து சேரும். லாம்பிரெக்டில் அண்மையில் மணமுடித்த தம்பதியர் அதனை ஓட்டி வருவது மரபு. மாலையில் பழைய நகர மன்றத்தின் படிக்கட்டில் அது ஏலம் விடப்படும். மேய்ச்சலுக்குக் கால்நடை ஓட்டும் காலம் என்றோ மறைந்துவிட்டது. எனினும் கடன் கடன்தான். ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளாக ஓர் ஆட்டின் கடனை அவ்வூர்கள் மறந்தாரில்லை.

இன்னும் வடக்கே பாட் டூர்க்ஹைம். இங்கே செப்டம்பரில் கூடும் திருவிழாவை உலகின் மிகப் பெரிய திராட்சை இரச விழா என்பர். இதன் தொடக்கம் பக்தியில் உள்ளது. மலைமேலிருந்த அதிதூதர் புனித மிக்கேலின் சிற்றாலயத்திற்குத் திருப்பயணம் வந்தோருக்கு, குடியானவர்கள் தள்ளுவண்டியில் உணவும் இரசமும் கொண்டு வந்து விற்றனர். 1417-ஆம் ஆண்டிலேயே இச்சந்தை எழுத்தில் பதிவாகியுள்ளது. சிறு வியாபாரிகளின் தள்ளுவண்டிகளிலிருந்து பெருவிழா பிறந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மதுவினால் கண்ணீர் வடிக்கும் தாய்மார் நம்மிடையே பலர் உளர். குடியைப் புகழ்வது இப்பகுதியின் நோக்கமன்று. அந்நாட்டிலும் அளவு மீறியோர் குடும்பம் சிதைவதுண்டு. திராட்சைக் கொடியை ஆண்டு முழுவதும் பேணும் உழைப்பே நாம் கருதத்தக்கது. பனியில் கொடி கழித்து, வசந்தத்தில் தளிர் கட்டி, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கொத்து அறுக்கும் கைகளின் பயனே பலிபீடத்தில் கிண்ணமாக உயர்கிறது.

சாலை பிறந்த கதை

இனி இச்சாலை எவ்வாறு பிறந்தது என்று கேட்போம். பழமை மிக்க ஊர்களை இணைப்பதால் சாலையும் பழமையானதென்றே காண்போர் நினைப்பர். அப்படியன்று. 1935 அக்டோபர் 19-ஆம் நாள் இது திறந்து வைக்கப்பட்டது. திறந்தவர் ஜோசப் பூர்க்கல், அவ்வட்டாரத்தின் நாஜிக் கட்சித் தலைவர்.

காரணம் இது: 1934, 1935 ஆகிய இரண்டு ஆண்டுகளும் திராட்சை அபரிமிதமாக விளைந்தது. நிலவறைகளில் பீப்பாய்கள் நிறைந்து வழிந்தன. வாங்குவார் இல்லை. ஏன் இல்லை? தலைமுறை தலைமுறையாக அவ்வட்டாரத்தின் இரச வணிகத்தில் பெரும்பகுதியை நடத்தியவர்கள் யூத வணிகர். சிறு குடியானவரின் விளைச்சலை வாங்கி, தொலைநகரங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் அனுப்பி விற்றவர்கள் அவர்களே. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதரின் கடைகளைப் புறக்கணிக்குமாறு மக்கள் ஏவப்பட்டனர். யூத வணிகர் மிரட்டப்பட்டுத் தொழிலினின்று துரத்தப்பட்டனர். விற்கத் தெரிந்தவரைத் துரத்திவிட்டபின், விளைந்ததை விற்பது எப்படி? நகரங்கள் ஒவ்வொன்றும் ஒரு திராட்சை ஊரைத் தத்தெடுத்து இரசம் வாங்க வேண்டும் என்றனர். பயணிகளை வருவிக்கச் சாலையொன்றுக்குப் பெயரிட்டுக் கொடியேற்றினர். அழகிய இச்சாலை, அண்டை வீட்டாரை விரட்டியதால் உண்டான வெற்றிடத்தை நிரப்பப் போட்ட சாலையும் ஆகும்.

இவ்விடத்தில் எடித் ஸ்டெயினை மீண்டும் நினைவுகூர வேண்டும். புறக்கணிப்பு தொடங்கிய அதே 1933 ஏப்ரலில், அவர் பாப்பரசர் 11-ஆம் பத்திநாதருக்கு ஒரு கடிதம் எழுதினார். புறக்கணிப்பானது மக்களின் பிழைப்பையும் மதிப்பையும் பறித்துப் பலரைச் சாவை நோக்கித் தள்ளுகிறது என்றும், வாய்மூடி இருப்போரும் அப்பழியில் பங்காளிகள் ஆவர் என்றும் அதில் அவர் உணர்த்தியிருந்தார். வத்திக்கான் ஆவணக் காப்பகத்திலிருந்து 2003-இல் அக்கடிதம் வெளிவந்தது. பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதன் முதற்படி என்பதை அவர் அன்றே கண்டார். அவ்வாண்டு அக்டோபரில் கொலோன் நகரக் கார்மேல் மடத்தில் சேர்ந்தார்.

அவர் கண்டது பலித்தது. சாலை திறந்து ஐந்தாண்டுகளும் மூன்று நாள்களும் கழிந்தபோது, 1940 அக்டோபர் 22-ஆம் நாள், பூர்க்கலும் பாடன் வட்டாரத் தலைவர் வாக்னரும் தத்தம் பகுதிகளில் எஞ்சியிருந்த யூதரை ஒரே வீச்சில் வெளியேற்றினர். அறுவடைக்கு நன்றி கூறும் கூடாரத் திருவிழாவை யூதர் கொண்டாடும் வாரம் அது. முதியோர், நோயுற்றோர், குழந்தைகள் உட்பட 6,500-க்கும் மேற்பட்டோர் இரயிலேற்றப்பட்டு, பிரெஞ்சு நாட்டின் பிரனீஸ் மலையடிவாரத்து குர்ஸ் முகாமில் தள்ளப்பட்டனர். ஆளுக்கு ஐம்பது கிலோ மூட்டையும் நூறு மார்க் பணமும் மட்டுமே எடுத்துச் செல்லலாம். அவர்கள் விட்டுச் சென்ற கட்டில், நாற்காலி, பாத்திரம், துணிமணி யாவும் ஊர்களில் ஏலம் விடப்பட்டன. ஏலம் எடுத்தவர் யார்? வேற்று நாட்டார் அல்லர், பக்கத்து வீட்டார்.

முகாமின் குளிரிலும் பசியிலும் பலர் மாண்டனர். எஞ்சியோருள் பெரும்பாலோர் 1942 முதல் ஔஷ்விட்ஸ் கொலைக்களத்திற்கு அனுப்பப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், ஆலந்து நாட்டுக் கார்மேல் மடத்திலிருந்து எடித் ஸ்டெயினும் அவருடைய சகோதரி ரோசாவும் பிடித்துச் செல்லப்பட்டனர். யூதருக்கு இழைத்த கொடுமையைக் கண்டித்து ஆலந்து ஆயர்கள் எழுதிய சுற்றுமடல் கோவில்களில் வாசிக்கப்பட்டதற்கான பழிவாங்கல் அது. கிழக்கே சென்ற அந்த இரயில் 7-ஆம் நாள், ஸ்பயருக்கும் நொய்ஸ்டாட்டுக்கும் அருகிலுள்ள ஷிபர்ஸ்டாட் நிலையத்தில் சிறிது நேரம் நின்றது. தாம் ஞானஸ்நானம் பெற்று, பாடம் சொல்லித் தந்து, செபித்து வாழ்ந்த நாடு கண்முன்னே. பெட்டியிலிருந்தபடியே, தம்மை அறிந்தோருக்கும் மகதலேனா மடத்துச் சகோதரியருக்கும் வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். இரண்டு நாள் கழித்து, ஆகஸ்டு 9-ஆம் நாள், ஔஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பாப்பரசர் 2-ஆம் அருளப்பர் சின்னப்பர் 1987 மே முதல் நாள் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 1998 அக்டோபர் 11-ஆம் நாள் புனிதர் பட்டமும் அளித்தார். 1999-இல் ஐரோப்பாவின் பாதுகாவலியருள் ஒருவராகவும் அவரை அறிவித்தார்.

நாபோத்தை நினைப்போம்

அரசர் ஆகமத்தில் நாபோத்து என்னும் குடியானவனின் கதை உண்டு. முன்னோர் விட்டுச் சென்ற திராட்சைத் தோட்டத்தை விற்க மறுத்தான். அரசி ஈசபேல் பொய்ச் சாட்சிகளை ஏவி அவனைக் கல்லெறிந்து கொல்லச் செய்தாள். அரசன் ஆகாபு கல்லெடுக்கவில்லை, பொய் சொல்லவில்லை, எல்லாம் முடிந்தபின் தோட்டத்தைத் தனதாக்கிக்கொள்ள நடந்து போனான், அவ்வளவே. ஆயினும் எலியா இறைவாக்கினர் தோட்டத்திலேயே அவனை எதிர்கொண்டு, கொலைப்பழியையும் கொள்ளைப்பழியையும் அவன்மீதே சுமத்தினார். அநீதியைச் செய்தவனுக்கு மட்டுமன்று, அநீதியால் காலியான இடத்தில் சென்று அமர்பவனுக்கும் இறைவன் முன் கணக்கு உண்டு என்பதே அதன் பொருள்.

திராட்சைச் சாலையின் ஊர்களில் இன்று வாழ்வோருள் பெரும்பாலோர் அக்கொடுமைக்குப் பின் பிறந்தவர்கள். அவர்களைப் பழிப்பது நம் வேலையன்று. அவர்களில் பலர் நினைவைப் போற்றி வருகின்றனர் என்பதையும் சொல்ல வேண்டும். டைடஸ்ஹைமில் 1854-இல் கட்டிய யூதத் தொழுகைக்கூடம் இடிபடாமல் தப்பி, இன்று கலைநிகழ்ச்சிகளுக்கான மன்றமாகத் திகழ்கிறது. நொய்ஸ்டாட்டில் 1933-இல் நாஜிகள் எதிர்ப்பாளரை அடைத்து வைத்த படைமுகாமில் நினைவிடம் உள்ளது. வீட்டு வாசல்களின் முன் நடைபாதையில், அங்கு வாழ்ந்து வெளியேற்றப்பட்டோரின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு பதித்த சிறு கற்களும் காணப்படுகின்றன. அப்பெயரைப் படிக்க விரும்புவோர் குனிந்தே ஆக வேண்டும். ஆட்டின் கடனை ஆறு நூற்றாண்டு மறவாத நாட்டில், அண்டை வீட்டாரின் கடனையும் மறவாதிருக்க இவை செய்த ஏற்பாடுகள்.

நேயர்களே, எழில்மிகு சாலையைக் காட்டுவதாக அழைத்துத் துயரக் கதை சொன்னாயே என்று என்னைக் கடிந்துகொள்ள வேண்டாம். அழகு பொய்யன்று. வாதுமைப் பூவும் பழங்கொடியும் அதிதூதரின் மலையும் இறைவன் தந்தவையே. ஆனால் துயரை மறைத்துவிட்டுக் காட்டும் அழகு பாதி உண்மை; பாதி உண்மையைக் கொண்டு பிள்ளைகளை வளர்த்தல் நன்றன்று.

குடும்பங்களிலும் இத்தகைய காலியிடங்கள் உண்டு. உடன்பிறந்தாள் கையெழுத்திட்டு விட்டுக்கொடுத்த பங்கு, விதவைச் சித்தி வெளியேறிய அறை, கடனில் மூழ்கியவனிடம் பாதி விலைக்கு வாங்கிய நிலம் ஆகியவற்றை நாம் கல்லெறிந்து பெறவில்லை. பொய்ச் சாட்சி சொல்லியும் பெறவில்லை. எனினும் அங்கே சென்று அமர்ந்திருக்கிறோம். இன்றிரவு குடும்ப செபமாலை முடிந்தபின், பெரியோர் பிள்ளைகளிடம் அக்கதைகளையும் சொல்வார்களாக. நாம் வாழும் வீட்டில் நமக்கு முன் வாழ்ந்தவர் யார், அவர் ஏன் போனார், அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் என்ன என்று கேட்கும் பிள்ளையை அதட்டி அடக்காதிருப்பார்களாக. திருப்பித் தரக் கூடியதைத் தருவோம். தர இயலாதவிடத்து, அவர்களின் பெயரையேனும் நம் செபத்தில் சொல்வோம்.

ஆகஸ்டு 9-ஆம் நாள் திருப்பலிக்குச் செல்வோர், கிண்ணத்தில் வார்க்கும் திராட்சை இரசத்தைக் காணும்போது, பெர்க்சாபர்ன் கோவிலில் வெண்மேலாடையோடு நின்ற அப்புனிதையை நினைத்துக்கொள்ளுங்கள். அவரோடு, கூடாரத் திருவிழா வாரத்தில் மூட்டை சுமந்து சென்ற அவ்வணிகக் குடும்பங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.